கோல்கீப்பரும் வீரர்தான்: ஐஸ் ஹொக்கி வீடியோ கேம் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வடிவமைப்புக் குழுவினருக்கு,

உங்கள் கடைசி அப்டேட்டில், கோல்கீப்பர் வலையின் ஒரு கம்பத்திலிருந்து மறு கம்பத்துக்குப் போகும் வேகத்தைக் குறைத்திருக்கிறீர்கள். ஆட்டங்களில் கோல்கள் போதவில்லை, இன்னும் விறுவிறுப்பு வேண்டும் என்பது நீங்கள் சொன்ன காரணம். கொம்பியூட்டர் இயக்கும் கோல்கீப்பர்களைப் பற்றிப் பலர் புகார் சொன்னது எனக்கும் தெரியும். சில இரவுகளில் அது எதையும் உள்ளே விடாது. அதன் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று நீங்கள் நினைத்ததில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அதே வெட்டை, கையில் கொன்ட்ரோலரை வைத்துக்கொண்டு அந்த வலைக்கு முன்னால் நிற்கும் மனிதர்களுக்கும் போட்டிருக்கிறீர்கள். எங்களில் ஒருவரையாவது கேட்டீர்களா?

நான் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கிறேன். எங்கள் கழகத்தில் ஆறு பேர். ஒருவன் பிராம்ப்டனில், ஒருவன் ஏஜக்ஸில், என் சித்தப்பா மகன் மொன்றியலில், மற்றவர்கள் இங்கே பக்கத்துத் தெருக்களில். வேலை முடிந்து, பிள்ளைகள் படுத்த பிறகு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஆறுக்கு ஆறு ஆடுவோம். கழகம் தொடங்கிய நாளிலிருந்து நான்தான் கோல்கீப்பர். முதலில் வேறு யாரும் நிற்கச் சம்மதிக்காததால் நின்றேன். அப்புறம் இடத்தை விட மனமில்லாமல் போய்விட்டது.

ஏன் மனமில்லை என்பதைச் சொன்னால்தான் நீங்கள் எதைக் கெடுத்திருக்கிறீர்கள் என்பது விளங்கும். வலை 6 அடி அகலம், 4 அடி உயரம். கோட்டிலேயே நின்றால் அதில் பாதிக்கு மேல் திறந்திருக்கும். இரண்டு எட்டு முன்னால் வந்தால் அடிக்கிறவருக்குத் தெரியும் இடம் சுருங்கிவிடும். அதிகமாக வந்துவிட்டால் அவர் பக்கை, அதாவது பந்துக்குப் பதிலாக அடிக்கும் அந்த ரப்பர் வில்லையை, மறுபக்கம் தட்டிவிட்டு வெறும் வலையில் போடுவார். எங்கே நிற்பது என்பதுதான் இந்த வேலையில் முக்கால்வாசி. மட்டையின் அலகு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா, தோள் எந்தப் பக்கம் திரும்புகிறது, பின்னால் ஓடி வருபவர் இடக்கையா வலக்கையா, இதெல்லாம் பார்த்து முடிவெடுக்க வேண்டும். உங்கள் விளையாட்டு இத்தனையையும் திரையில் காட்டுகிறது. அது நல்ல வேலை, அதைச் செய்த உங்கள் ஆட்களைப் பாராட்டத்தான் வேண்டும். ஒரு நல்ல இரவில், எதிரணிக்காரர் அடிக்குமுன்பே எங்கே அடிப்பார் என்று தெரிந்து கையுறையைக் கொண்டுபோய் வைக்கும் சுகம், கோல் போடுகிறவனுக்குக் கிடைக்காது.

இப்போது அந்த வாசிப்புக்கெல்லாம் பெறுமதி இல்லை. ஒரு கோலை மட்டும் மெதுவாக ஓட்டிக் காட்டுகிறேன். எதிரணியில் இருவர் வருகிறார்கள், எங்கள் பின்கள வீரர் ஒருவர். பக் எனக்கு வலப்பக்கம் வருபவரிடம். அவர் மட்டையைப் பின்னுக்கு இழுக்கிறார். நான் அவருக்கு நேராக நின்றே ஆக வேண்டும். நிற்காவிட்டால் கிட்டக் கம்பத்துக்கு உட்புறமாக அடித்துவிடுவார். நிற்கிறேன். அவர் அடிக்காமல் குறுக்கே தட்டுகிறார். பக் அவர் மட்டையை விட்ட கணமே நான் கொன்ட்ரோலரின் அனலாக் குச்சியை இடப்பக்கம் தள்ளிவிட்டேன். திரையில் என் ஆள் முதலில் ஒரு முழங்காலை ஊன்றுகிறார், பிறகு மற்றக் காலை எடுக்கிறார், அதன் பிறகுதான் தள்ளுகிறார். முன்பும் இதே அசைவுதான். ஆனால் முன்பு காலில் கட்டும் தடித்த கவசமான பாட்டின் நுனியாவது கம்பத்தில் போய் முட்டும். இப்போது பாட்டுக்கும் கம்பத்துக்கும் நடுவே ஒரு பக் போகிற இடைவெளி மிஞ்சுகிறது. நான் சரியாக ஊகித்தாலும் மிஞ்சுகிறது, பிழையாக ஊகித்தாலும் மிஞ்சுகிறது. அப்படியென்றால் நான் எதற்கு ஊகிக்க வேண்டும்?

இது எதிரணிகளுக்குத் தெரியாமல் இருக்குமா? அப்டேட் வந்து சில நாட்களிலேயே தெரிந்துவிட்டது. இப்போது நீலக் கோட்டிலிருந்து, அதாவது தாக்கும் பகுதி தொடங்கும் தூரத்துக் கோட்டிலிருந்து, யாரும் அடிப்பதில்லை. முன்னால் நின்று என் பார்வையை மறைத்து, பக்கைத் திசை திருப்புகிற வேலையை யாரும் செய்வதில்லை. எல்லாக் கழகமும் மூலைக்குப் போகிறது, குறுக்கே தட்டுகிறது, வந்த பக்கை நிறுத்தாமல் வன்-டைமர் அடிக்கிறது. கோல் விழவில்லையா, திரும்பவும் மூலைக்குப் போகிறது. நீங்கள் தேடிய விறுவிறுப்பு இதுவா? கோல் கூடியிருக்கிறது, உண்மை. அவ்வளவும் ஒரே கோல்.

அடுத்தது லாக், அதாவது இணைய இணைப்பில் வரும் தாமதம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது எல்லா வீரர்களுக்கும் சமம் என்ற எண்ணம் உங்களிடம் இருப்பதாகத் தெரிகிறது.

நீலக் கோட்டிலிருந்து கோல் கோட்டுக்கு 64 அடி. மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் அடித்த பக் அந்தத் தூரத்தை அரை வினாடிக்குள் கடக்கும். 20 அடியிலிருந்து, 130 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தால் ஒரு வினாடியில் ஆறில் ஒரு பங்கு. கண்ணால் கண்டு கையை அசைக்க மனிதருக்குப் பிடிக்கும் நேரமே அதைவிடக் கூட. அதனால்தான் நிஜ ஐஸில் கோல்கீப்பர்கள் பக்கைப் பார்த்துத் தடுப்பதைவிட அடிக்கிறவரைப் பார்த்துத் தடுப்பது அதிகம். உங்கள் விளையாட்டில் திரை வினாடிக்கு 60 தடவை மாறுகிறது. சேர்வருக்கும் எனக்கும் நடுவே 100 மில்லிவினாடி தாமதம் வந்தால் ஆறு படங்கள் போய்விட்டன. அவர் மட்டையைப் பின்னுக்கு இழுப்பதை நான் பார்க்கும்போது சேர்வரில் அவர் அடித்து முடித்திருக்கலாம். நான் அழுத்துவது அங்கே போய்ச் சேர இன்னும் நேரம்.

முன்கள வீரருக்கும் இதே தாமதம் உண்டு என்பீர்கள். உண்டு. ஆனால் அவர் தொடங்குகிறவர். எப்போது அடிப்பது, எப்போது தட்டுவது என்று தீர்மானிப்பது அவர். தாமதம் ஒரே அளவாக இருந்தால் சில ஆட்டங்களில் பழகிக்கொண்டு கொஞ்சம் முந்தி அழுத்துவார். நான் பதில் சொல்கிறவன். இன்னும் கேட்கப்படாத கேள்விக்கு எப்படி முந்திப் பதில் சொல்வது? போதாததற்கு, முன்கள வீரரின் லாக்கால் ஒரு பாஸ் தவறினால் ஐந்து வினாடியில் எல்லோரும் மறந்துவிடுவார்கள். என் லாக்குக்கு சைரன் அடிக்கும், சிவப்பு விளக்கு எரியும், மூன்று கோணத்தில் திரும்பப் போட்டும் காட்டுவீர்கள்.

இதை உங்கள் முறைப்பாட்டுப் பகுதிக்கு எழுதினேன். வயர் இணைப்புப் பாவிக்கவும், தொலைக்காட்சியை கேம் மோடில் வைக்கவும், ரவுட்டரை அணைத்துப் போடவும் என்று தானியங்கிப் பதில் வந்தது. வயர் கூடத்திலிருந்து நிலக்கீழ் அறைவரை சுவரோரமாக ஓடுகிறது, மனைவி இன்னும் அதற்கு ஏசுகிறாள். தொலைக்காட்சி வாங்கியதே கேம் மோடைப் பார்த்துத்தான். பிரச்சினை என் வீட்டில் இல்லை. ஆறு பேரில் ஐவர் ரொறன்ரோவைச் சுற்றி இருக்கும்போதும் சில இரவுகளில் எங்களைத் தூரத்துச் சேர்வர் ஒன்றில் போடுகிறீர்கள், அது எங்கே இருக்கிறது என்றுகூட ஆட்டத்துக்கு முன்னால் காட்டுவதில்லை. ஆட்டம் தொடங்கிய பிறகு விலகினால் எனக்குத் தடை. இருந்தால் தோல்வி.

கமராவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பக் வலைக்குப் பின்னால் போனதும் கமரா தானாகச் சுழல்கிறது. சுழலும்போது என் கையில் இடமும் வலமும் மாறிப்போகின்றன. நிஜக் கோல்கீப்பர் கம்பத்தை அணைத்துக்கொண்டு தோளுக்கு மேலால் ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். எனக்கோ பக் இந்தப் பக்கத்தால் வரும்போது ஆளை அந்தப் பக்கம் அனுப்பிவிடுகிறது. சுழல வேண்டாம் என்று நிறுத்தி வைக்க ஒரு தெரிவு தந்தால் போதும். முன்கள வீரர்களுக்குக் கமராத் தெரிவுகள் ஒரு பட்டியலே வைத்திருக்கிறீர்கள்.

வலைக்கு முன்னால் கோல்கீப்பருக்கென்று நீல நிறத்தில் தீட்டிய கிரீஸ் எதற்கு இருக்கிறது என்பதும் எனக்கு விளங்கவில்லை. எதிரணி ஆள் ஓடி வந்து என் மேல் விழுகிறார். நான் மல்லாந்து கிடக்கிறேன், எழுந்திரு என்று பட்டனை அழுத்துகிறேன், அசைவு முடியும்வரை எழ விடமாட்டீர்கள். பக் உள்ளே போகிறது. நடுவர் கையை நீட்டி வலையைக் காட்டுகிறார், கோல். வட அமெரிக்கத் தொழில்முறை ஹொக்கி லீக்கான என்.எச்.எல்.லில் இப்படி விழுந்த கோலை எதிர்த்துப் பயிற்சியாளர் முறையிடலாம் என்ற விதி 2015-16 பருவத்திலிருந்து இருக்கிறது. அங்கேயும் தீர்ப்புகளைப் பற்றி ஓயாமல் சண்டைதான், ஆனால் திரும்பப் பார்க்கவாவது செய்கிறார்கள். உங்கள் விளையாட்டில் வலையோடு சேர்த்துத் தள்ளிக்கொண்டு போனாலும் சில நேரம் விசில் வராது.

ஆட்டம் முடிந்ததும் நீங்கள் தரும் தரப்புள்ளி இன்னொரு வயிற்றெரிச்சல். எங்கள் பின்கள வீரர்கள் நன்றாக ஆடிய இரவில் எனக்கு மொத்தமே ஐந்து ஷாட்தான் வரும். அதில் ஒன்று போனால் 80 சதவீதம். என்.எச்.எல்.லில் சுமார் 90 சதவீதம் தடுப்பவர் சராசரிக் கோல்கீப்பர். அந்தக் கணக்கில் நான் படுமோசம். உடனே ஆகக் கீழான எழுத்தைத் தந்துவிடுகிறீர்கள். வென்ற ஆட்டத்தில், ஒரே ஒரு கோல் விட்டவனுக்கு. அந்த ஒன்றும் என் பக்கத்து ஆள் தன் காலில் பட்டு உள்ளே போட்டதாக இருக்கலாம், உங்கள் கணக்குக்கு அது வித்தியாசம் தெரியாது. ஆட்டம் முழுக்க மத்திய கோட்டைப் பார்த்துக்கொண்டு, தூங்காமல், பெனால்டி நேரத்தை எண்ணி, பின்னால் யார் விடுபட்டு நிற்கிறார் என்று ஹெட்செட்டில் கத்திக்கொண்டிருந்ததற்கு எங்கேயும் புள்ளி கிடையாது.

இதன் விளைவு கழகம் இல்லாமல் தனியாக ஆடப் போகும்போது நன்றாகத் தெரியும். அறிமுகமில்லாத ஐந்து பேரோடு சேர்ந்தால், முதல் கோல் விழுந்ததுமே ஒருவர் தொடங்குவார். இரண்டாவதில் என் அம்மா வரைக்கும் போவார். மூன்றாவதில் பக்கை எடுத்துக்கொண்டு வந்து வேண்டுமென்றே எங்கள் வலையிலேயே போடுவார். அதுவும் என் கணக்கில்தான் ஏறும். முறையிட பட்டன் இருக்கிறது, அழுத்தியிருக்கிறேன். அடுத்த வாரம் அதே ஆள் அதே பெயரில் வந்து நிற்கிறார்.

ஏச்சையாவது ஹெட்செட்டைக் கழற்றிவிட்டுத் தாங்கலாம். எங்கள் பொடியன்கள் ஏச மாட்டார்கள். கோல் விட்டால் "அண்ணை, நித்திரையே?" என்று பகிடி விடுவார்கள், நானும் திருப்பிக் கொடுப்பேன். அந்த அப்டேட்டுக்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, தொடர்ந்து தோற்றபின், மொன்றியல்காரன் மிகவும் மெதுவாகக் கேட்டான்: "கொஞ்ச நாளைக்குக் கொம்பியூட்டரை விட்டுப் பாப்பமா அண்ணை?" அவன் மேல் கோபம் வரவில்லை. அவன் கேட்டது நியாயம். கொம்பியூட்டருக்கு லாக் இல்லை, அது கமராவைப் பார்ப்பதில்லை, அடுத்தவன் பட்டனை அழுத்தியதை அதே நொடியில் அறிகிறது. வேகத்தைக் குறைத்த பிறகும் அது மற்றக் கம்பத்துக்கு என்னைவிட முந்திப் போகிறது, ஏனென்றால் அது முந்திப் புறப்படுகிறது. நீங்கள் அடக்க நினைத்தது கொம்பியூட்டர் கோல்கீப்பரை. வலையை விட்டு விரட்டியது மனிதக் கோல்கீப்பரை.

ஹொக்கி என்ற விளையாட்டு கோல்கீப்பரை இப்படி நடத்தப் பார்த்த காலமும் உண்டு. 1959 நவம்பர் 1 அன்று நியூயோர்க் மடிசன் ஸ்குவேர் கார்டனில், ரேஞ்சர்ஸ் வீரர் அண்டி பாத்கேட் அடித்த பக் மொன்றியல் கனேடியன்ஸ் கோல்கீப்பர் ஜாக் பிளான்டின் முகத்தைக் கிழித்தது. அவர் பயிற்சியில் முகக்கவசம் போட்டுக்கொண்டிருந்தார். ஆட்டத்தில் போட பயிற்சியாளர் டோ பிளேக் விடவில்லை. அன்று தையல் போட்டுக்கொண்டு வந்த பிளான்ட், கவசம் இல்லாமல் ஐஸில் இறங்க மாட்டேன் என்றார். அந்தக் காலத்தில் அணிகள் இரண்டாவது கோல்கீப்பரைக் கூட்டிக்கொண்டு போவதில்லை. பிளேக் இறங்கி வந்தார். கனேடியன்ஸ் 3-1 என்று வென்றது. இன்று முகக்கவசம் இல்லாத கோல்கீப்பரை யாராவது கண்டிருக்கிறீர்களா? வலைக்கு முன் நிற்பவருக்கு என்ன வேண்டும் என்பதை வலைக்கு முன் நிற்பவரிடம் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர்க் கதை ஒன்றும் இருக்கிறது, ரொறன்ரோக்காரர்கள் அதைச் சொல்ல விரும்ப மாட்டார்கள். 2020 பெப்ரவரி 22 அன்று எங்கள் ரொறன்ரோ அணியான மேப்பிள் லீஃப்ஸுக்கு எதிராக ஆட வந்த கரோலைனா ஹரிக்கேன்ஸின் இரண்டு கோல்கீப்பர்களும் காயப்பட்டார்கள். விதிப்படி அரங்கில் தயாராக இருந்த அவசர கோல்கீப்பரை இறக்கினார்கள். டேவிட் ஏயர்ஸ், வயது 42, சிறுநீரக மாற்றுச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர், ஐஸை மழமழப்பாக்கும் ஸம்போனி வண்டி ஓட்டியவர். முதல் இரண்டு ஷாட்டும் கோல். அதன் பிறகு வந்த எட்டையும் தடுத்தார். கரோலைனா 6-3 என்று வென்றது. லீஃப்ஸ் கடைசியாக என்.எச்.எல். சாம்பியனுக்கான ஸ்டான்லி கிண்ணம் தூக்கியது 1967இல் என்பதை வைத்துப் பார்த்தால் எங்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை, போகட்டும். நிஜ ஆட்டத்தில் வலைக்கு ஆள் இல்லை என்றதும் 42 வயதுக்காரரைத் தேடிப் பிடித்துச் சட்டை போட்டு இறக்கினார்கள். உங்கள் ஆட்டத்தில் ஆசைப்பட்டு நிற்கிறவனிடம் கொம்பியூட்டருக்கு வழி விடு என்கிறீர்கள்.

இனி நான் கேட்பவை.

மனிதர் இயக்கும் கோல்கீப்பரின் அசைவு வேகத்தையும் கொம்பியூட்டர் இயக்கும் கோல்கீப்பரின் வேகத்தையும் பிரித்து வையுங்கள். கொம்பியூட்டரை எவ்வளவு வேண்டுமானாலும் மெதுவாக்குங்கள். எங்கள் பழைய வேகத்தை அடுத்த அப்டேட்டிலேயே திருப்பித் தாருங்கள். மற்றவற்றுக்குக் காலம் எடுக்கும் என்றால் எடுங்கள், இதற்கு எடுக்க வேண்டியதில்லை. ஒரு எண்ணை மாற்றித்தான் குறைத்தீர்கள், அதே எண்ணை மாற்றித்தான் கூட்ட வேண்டும்.

இரண்டு பக்கமும் மனிதக் கோல்கீப்பர்கள் இருக்கும் ஆட்டத்துக்கு, அந்த இருவருக்கும் தாமதம் ஆகக் குறைவாக உள்ள சேர்வரைத் தேர்ந்தெடுங்கள். அது எந்த நகரத்தில் இருக்கிறது, எங்களுக்கு எத்தனை மில்லிவினாடி என்பதை ஆட்டம் தொடங்குமுன் காட்டுங்கள். குறிப்பிட்ட அளவுக்கு மேல் போனால், தடையில்லாமல் விலக விடுங்கள்.

கமரா சுழற்சியை நிறுத்த ஒரு தெரிவு. கிரீஸுக்குள் கோல்கீப்பரைச் சாய்த்துப் போட்ட கோலுக்கு விசில். சொந்த ஆள் வேண்டுமென்றே உள்ளே போட்ட பக்கைக் கோல்கீப்பரின் கணக்கிலிருந்து கழித்து, அதைத் திரும்பத் திரும்பச் செய்கிறவருக்குத் தடை. இவற்றில் எதுவும் முடியாது என்றால் ஏன் முடியாது என்று காரணத்தோடு சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறோம்.

கடைசியாக, கோல்கீப்பரைத் தொடும் எந்த மாற்றத்தையும் வெளியிடுமுன் மனிதக் கோல்கீப்பர்களிடம் கொடுத்து ஆடிப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் அலுவலகத்து இணைப்பில் வேண்டாம், அவரவர் வீட்டு இணைப்பில், இரவு பத்து மணிக்கு. ஆள் கிடைக்காது என்று மட்டும் சொல்லாதீர்கள். சம்பளம் கேட்காமல் வர நான் தயார். மூலையிலிருந்து குறுக்கே தட்டி என்னை ஏமாற்ற எங்கள் பொடியன்கள் ஐந்து பேரும் அதைவிடத் தயார்.

இப்படிக்கு,
ஸ்காபரோவிலிருந்து ஒரு கோல்கீப்பர்